பச்சரிசியும் புழுங்கலும்

எங்கள் வீட்டில் சத்தான சாப்பாடு சாப்பிட்டது மாடுதான். அரிசி தீட்டிய தவிடும் சோறு வடித்த கஞ்சியும் அதன் தொட்டிக்குப் போயின. வெளுத்த சோறு எங்களுக்கு.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். அப்பா பண்ணையில் கூலிக்கு நின்றவர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அடிபட்டு, இரண்டு முறை ஜெயிலுக்கும் போய் வந்தார். பிறகு ஒரு ஏக்கர் சொந்தமானது. முதல் அறுவடையன்றே சொல்லிவிட்டார்: "இனிமே நம்ம வீட்ல நெல்லு அவிக்க வேணாம். பண்ணை வீட்டுல திங்கிற மாதிரி பச்சரிசிதான்." மில்லில் இரண்டு தடவை தீட்டச் சொல்லி வாங்கி வருவார். தொட்டுக்கொள்ள ஊறுகாயோ வெங்காயமோ இருக்கும்.

மூன்றாம் வருஷம் அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போனது. ஒருநாள் களத்திலிருந்து வந்தவளின் குதிகாலில் கருவேல முள் ஒடிந்திருந்தது. வாசல்வரை ரத்தம். அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

கும்பகோணத்து டாக்டர் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்து, மாத்திரை கொடுத்து, அரிசியையும் புழுங்கலுக்கு மாற்றச் சொன்னார். நான் அப்போது கல்லூரியில் ஹோம் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாவுச்சத்தில் இரண்டு அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கொஞ்சம் தங்குகிறது. பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. அது குறைந்தால் கால் மரத்துப்போகும்.

அப்பாவிடம் சொன்னேன்.

"திரும்பவும் அந்தக் கூலிச் சோத்தத் திங்கவா ஜெயிலுக்குப் போனேன்?" என்றார்.

எனக்கும் கோபம் வந்தது. "பண்ணை வீட்டுல அதோட பருப்பு, நெய், ரெண்டு காயின்னு சாப்பிட்டாங்கப்பா. நாம சோத்த மட்டும் எடுத்துக்கிட்டோம்."

அப்படிச் சொன்னதற்கு வருத்தப்பட்டேன். சொன்னது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் அவரே கொல்லையில் அண்டாவை ஏற்றி நெல் அவித்தார். அந்த வாசனை அவருக்குப் பிடிக்கவில்லை. புழுங்கல் சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தாள். மாடு சில நாள் காலித் தொட்டியை முட்டிப் பார்த்தது.

சில மாதம் கழித்து மூவரும் வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தோம். அம்மா நின்றாள்.

"கல்லு குத்துதுடி."

முன்னால் போன அப்பா திரும்பி வந்தார். குனிந்து, அவள் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்துக் கல்லை எடுத்தார். எடுத்த பிறகும் காலை விடவில்லை.