சிஞ்ஞோராவோடு சாந்தா ரொசாலியா மலைக்கு

சிசிலித் தீவின் பலெர்மோவில், நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவுக்கு ஆண்டுக்கு இரண்டு விழாக்கள். ஜூலையில் தேரும் வாணவேடிக்கையும். செப்டெம்பர் நான்காம் திகதி, அவர் தவமிருந்த குகைக்கு மலையேறும் நாள். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் என் மச்சாள் ரெஜினா பல வருடங்களாகக் கூப்பிட்டதால், போன செப்டெம்பரில் ஜேர்மனியிலிருந்து போனேன்.

போன பிறகுதான் அவள் வேலைக்குப் போய்ப் பராமரிக்கும் இத்தாலிய அம்மாவும், அவள் சொல்வதுபோல 'சிஞ்ஞோரா'வும், வருகிறார் என்று தெரிந்தது. வயது எண்பத்துமூன்று. பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். பஸ்ஸில் போகலாம் என்று மகன் கெஞ்சியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து ஏறிய பாதையால்தான் போவேன் என்று தாய் அசையவில்லை. கடைசியில், ஏதும் நடந்தால் ரெஜினாதான் பொறுப்பு, வேலையும் இருக்காது என்று சொல்லிவிட்டு, தான் மேலே நிற்பதாக மகன் ஒதுங்கிக்கொண்டார்.

"என்னெண்டு ஏத்துவாய்?" என்று கேட்டேன்.

"இழுப்பன். ஏலாட்டி ஆக்களைக் கேப்பன். அவவுக்கு அங்கை போகவேணும், நான் கூட்டிக்கொண்டு போறன்."

விடிந்ததும் அடிவாரத்தில் தொடங்கினோம். பாதை நான்கு கிலோமீற்றருக்குள்தான், ஆனால் முழுக்கக் கல் பதித்தது. முதல் வளைவிலேயே முன்சில்லு கல்லிடுக்கில் மாட்டியது. ரெஜினா நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தாள். நான் கீழேயிருந்து தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் கை சோர்ந்தது. திரும்பிவிடலாம் என்று சிஞ்ஞோராவே மெல்லச் சொன்னார். ரெஜினா நிமிர்ந்து, ஏறி வந்தவர்களைப் பார்த்து இத்தாலியனில் உதவி கேட்டாள்.

முதலில் வந்தவர் திருநீறு பூசி, வெறுங்காலோடு நடந்த ஒரு மொரிசியஸ் தமிழர். அவருக்கு எங்கள் தமிழ் பிடிபடவில்லை. ரெஜினாவுக்கும் அவருக்கும் பொதுமொழி இத்தாலியன்தான். பிறகு மூன்று சிசிலிக்காரர் வந்தார்கள். நால்வரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். களைத்தவர் விலக, கேட்காமலே வேறொருவர் கை கொடுத்தார். கீழே துறைமுகமும் கடலும் விரிந்தபோது சிஞ்ஞோரா பாடத் தொடங்கியிருந்தார்.

குகைக்கோயில் படிக்கட்டில் தன்னை இறக்கச் சொன்னார். ரெஜினா இடுப்பை அணைத்துப் பிடித்து, வராத காலை ஒவ்வொரு படியிலும் தன் காலால் நகர்த்தி வைத்தாள். கடைசிப் படியில் சிஞ்ஞோரா நிமிர்ந்து, பலெர்மோவும் ரொசாலியாவும் வாழ்க என்று இந்த ஊர் வழக்கப்படி குரல் கொடுத்தார். படிக்கட்டு முழுவதும் திருப்பிச் சொன்னது. மகன் ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு, பிறகு ரெஜினாவின் இரு கைகளையும் பிடித்தார். அடுத்த வருடம் நீதான் தூக்கவேண்டும் என்று தாய் அவருக்குச் சொன்னார்.

போக நினைப்பவர்கள் வெயிலுக்கு முன் தொடங்குங்கள். தண்ணீரும் வழுக்காத செருப்பும் வேண்டும். நகரத்திலிருந்து கோயில்வரை பஸ் உண்டு. டிக்கெட்டை முன்னரே கடையில் வாங்கிவிடுங்கள். திருநாளன்று வீதி மூடுவார்களா என்றும் விசாரியுங்கள். நடக்கமுடியாதவரைப் பாதையால் கூட்டிப்போவதென்றால், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். பிறகு மலையில், வாய்விட்டு உதவி கேளுங்கள். எங்களுக்கு எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்று ரெஜினாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.