மன்னியின் கல்லுப்பு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை சாலைக் கடைத்தெருவில் நின்றிருந்தபோது அண்ணா போன் செய்தார். "அம்பி, மன்னி போயிட்டாடா." வலியசாலை வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே என் அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "நல்லவாதான். ஆனா சமையலை மட்டும் யாருக்கும் முழுசாச் சொல்லித் தரலை, கேட்டேளா."

அந்த வார்த்தைக்குத்தான் இந்தப் பதில்.

லலிதா மன்னி அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சமையல் முழுவதையும் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டார். உறவில் யார் கேட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அளவு சொல்வார். "தெரிஞ்சதை மூடி வச்சா தோசை மாவு மாதிரி புளிச்சுடும்டா" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவும் அத்திம்பேரும் குடும்பச் சமையலைப் புத்தகமாகப் போட்டார்கள். மன்னி ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்தார். தமிழில் பட்டம் வாங்கிய என்னிடம் அக்காவும் அத்திம்பேரும் அச்சுப்படியைக் காட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த வருடம் அப்பாவின் திவசத்தன்று மன்னிக்குக் காய்ச்சல். அக்கா புத்தகத்தைப் பார்த்துச் சமைத்தாள். திவசச் சமையலைச் சாஸ்திரிகள் சாப்பிட்டு எழும் வரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. எரிசேரி முதல் ரசம் வரை உப்புக் கரித்தது. கை கழுவும்போது பெரிய சாஸ்திரிகள், "சங்குமுகம் வரைக்கும் போக வேண்டாம், கடல் இங்கேயே வந்தாச்சு" என்றார். அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மன்னி வேணும்னே அளவை மாத்தி எழுதியிருக்கா."

நான் நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'கல்லுப்பு' என்றிருந்தது. புத்தகத்தில் வெறும் 'உப்பு'. சுருக்கியவர் அத்திம்பேர். அக்கா அதே கரண்டிக் கணக்கில் தூள் உப்பைப் போட்டிருக்கிறாள். ஒரு கரண்டியில் கல்லுப்பைவிடத் தூள் உப்பு அதிகம் கொள்ளும்.

நோட்டோடு கிளம்பிய என்னை மன்னி படுக்கையிலிருந்தே தடுத்தார்.

"விடு அம்பி. தப்பு தன்னோடதுன்னு தெரிஞ்சா அவ இந்த வீட்டுப் படி ஏற மாட்டா. அண்ணாவுக்கு ஒரே தங்கை."

"அதுக்குப் பழியை நீங்க சுமக்கணுமா?"

"சுமக்க என்ன இருக்கு? நாளைக்கு நான் சமைச்சா வந்து உக்காந்து சாப்பிடுவா."

சாப்பிட்டாள். நானும் விட்டேன். அவர் உடல் உள்ளே கிடக்க, வாசலில் அதே பழியைக் கேட்ட பிறகு விட முடியவில்லை.

நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். புத்தகம் வைத்திருப்பவர்கள் 'உப்பு' என்பதைத் திருத்திச் சமைத்துப் பாருங்கள். மன்னி ஒன்றையும் மறைக்கவில்லை.

கடைசியாக நான் பார்த்தபோதும் அவர் சாய்வு நாற்காலியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கல்லுப்பு, கேட்டியா, தூள் இல்லை" என்று யாருக்கோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போய் வாருங்கள், மன்னி. நீங்கள் விடச் சொன்னதை நான் விடவில்லை. அதற்கு மட்டும் மன்னியுங்கள்.

நாளை இதை உறவினர் வீடுகளுக்கெல்லாம் தபாலில் அனுப்புகிறேன். என் பெயர் போடப்போவதில்லை. பெயரைப் பார்த்தால், இவனுக்கு எப்போதும் கோபம்தான் என்று மடித்து வைத்துவிடுவார்கள். படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும், அதற்குள் படித்திருப்பார்கள்.