தோலுள்ள பார்லி

பூந்தமல்லியில் மூன்றாவது நாட்டு மருந்துக் கடை முன் நிற்கிறேன். கசப்புக் குறைந்த பீரை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. அதற்குப் பார்லி முளைக்க வேண்டும். தோல் நீக்கிய பார்லியை நான்கு நாள் ஊறப்போட்டும் நாறியதுதான் மிச்சம்.

“தோலோட பார்லி இருக்குதா?” மெதுவாகக் கேட்கிறேன்.

“இன்னா அண்ணாத்தே, நீர்க்கடுப்பா?” கடைக்காரர் கத்துகிறார். கடையே திரும்பிப் பார்க்கிறது.

பீருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டுகிறேன்.

“அதுக்கு இன்னாத்துக்குத் தோலு?” அதே வெள்ளைப் பார்லியோடு நெருஞ்சில் முள்ளையும் கட்டிக் கொடுக்கிறார். “கொதிக்க வச்சுக் குடி. கல்லுகூடக் கரைஞ்சிடும்.”

மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு அம்பத்தூர் பஸ் ஏறுகிறேன். கடையில் என் பின்னால் நின்ற ஒரு அம்மாவும் ஏறுகிறார். நான் உட்காருவதற்குள் நடத்துநரிடம் சொல்கிறார்:

“இந்த அண்ணனுக்கு நீர்க்கடுப்புப்பா. கேட்டா வண்டிய நிறுத்து.”