அவள் அளந்த ஆறு

என் பெயருக்கு முன்னால் நிற்கும் முனைவர் பட்டம் என் மனைவி கோகிலாவினுடையது. நான் அதைத் திருடினேன்.

கடுமையான சொல் என்று நீங்கள் எண்ணலாம். வேறு சொல்லைத் தேடிப் பார்த்தேன்... கிடைக்கவில்லை.

பைக்காரா மின் நிலையத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. நான் ஊட்டியில் கல்லூரி ஆசிரியன். ஆற்றின் நீரோட்டமே என் ஆய்வுப் பொருள். கரையில் ஓர் அளவுகோலை நட்டு, நாள்தோறும் காலை எட்டு மணிக்கு நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். எட்டு மணிக்கு நானோ பேருந்தில் இருப்பேன். ஆகவே அவள் இறங்கினாள். பனியிலும் மழையிலும், என் பழைய கம்பளிக் கோட்டை அணிந்துகொண்டு, ஒன்பது ஆண்டுகள்! நான் வீடு திரும்பும்போது அந்தக் கோட்டு அடுப்பருகே காய்ந்துகொண்டிருக்கும்.

நான் கேட்காமலேயே மாலையிலும் அவள் அளக்கத் தொடங்கினாள். ஒருநாள் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்:

“ஏனுங்க, மழையே இல்ல, ஆறு ஒரு அடி ஏறியிருக்குதுங்க. கோயமுத்தூர்ல லைட்டு போட்டா நம்ம ஆறு பொங்குதுங்க!”

நான் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. சமவெளியின் விளக்குகளும் ஆலைகளும் மின்சாரம் கேட்கும்போதெல்லாம் அணைநீர் திறக்கப்பட்டு எங்கள் வாசலைக் கடந்தது. என் எட்டு மணி அளவுகள் இதைக் காட்டியதே இல்லை. இந்த ஆற்றை ஆள்வது மழை அல்ல, மனிதரின் தேவை... அவள் ஒரு வரியில் சொன்னதை நான் இருநூறு பக்கங்களில் எழுதினேன். அளவெடுத்தவர் ‘ஆய்வாளர்’, அதாவது நானே, என்றும் எழுதினேன். நன்றியுரையில் மட்டும் அவளுக்கு ஒரு வரி.

அட்டை போட்டு வந்த ஆய்வேட்டை மடியில் வைத்து அந்த வரியைப் படித்தாள்.

“காப்பி போட்டுக் குடுத்ததுக்கு நன்றியாமா! நம்மூட்ல டீ தானுங்களே குடிக்கிறோம்? டாக்டருக்கு அது கூடத் தெரியல பாருங்க!”

விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வலி இருந்ததா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்... அதனால்தான் கேட்கவில்லை.

பங்குனியில் அவள் போய்விட்டாள்.

சென்ற வாரம், ஆற்றை ஆராயும் இளம்பெண் ஒருத்தி கோகிலா ஆண்டுக்கு ஒன்றாக அளவுகளை எழுதிவைத்த ஒன்பது குறிப்பேடுகளையும் பெற்றுச்செல்ல வந்தாள். புரட்டிப் பார்த்து வியந்தாள்.

“எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க, சார். ஒரு நாள் கூட விடலீங்களே! எல்லாம் நீங்க எழுதுனதுங்களா?”

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்க்குமா? கோகிலாவின் படத்துக்கு நேரெதிரில்தான் அமர்ந்திருந்தோம். அன்று காலை நான் சூட்டிய மாலை இன்னும் வாடியிருக்கவில்லை.

“ஆமாம்மா” என்றேன்.

அந்தப் பெண் பேனாவை எடுத்து, ஒன்பது அட்டைகளிலும் என் பெயரை எழுதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.