சிவநாதன் அண்ணை வாசிக்காத பேச்சு

செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு தாய்க்கும் டொக்டருக்கும் இடையில் மொழிபெயர்த்துவிட்டு வெளியே வந்தபோது பேஜர் அடித்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் அலுவலகத்தின் இலக்கம். வாசலில் இருந்த பொது ரெலிபோனில் கூப்பிட்டேன். "இன்று இரண்டு மணிக்கு சிவநாதன் போகவேண்டிய அகதி விசாரணைக்கு நீங்கள் போகமுடியுமா?" என்று அலுவலகப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். "ஏன், அவருக்கு என்ன வந்தது?" என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்கும். ஏழு மாதமாக நான் அவரோடு கோபம். அவள் சொன்னாள்: காலையில் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். அம்புலன்ஸ் வருமுன்னே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

விசாரணைக்குப் போனேன். போகாமல் விட்டிருந்தால் அவர் செத்தும் என்னைத் திட்டியிருப்பார். அந்த மூன்று மணித்தியாலமும் யாரோ ஒருவருடைய கதையைச் சொன்னேன். பிறகு ஸ்ரீட்காரில் ஏறி, யன்னலோரம் இருந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

இதை வாசிக்கும் உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்த நகரத்தின் பார்க்டேலிலும் சென் ஜேம்ஸ் ரவுணிலும் வந்து இறங்கிய எங்களில் எத்தனையோ பேருடைய கதையை அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் சொன்ன வாய் அவருடையது. மெலிந்த உடம்பு, முகத்தைவிடப் பெரிய கண்ணாடி, யாராவது ஐந்து நிமிடம் பிந்தினால் ஊரைக் கூட்டும் குணம். நானும் இலேசானவள் இல்லை. எங்கள் இருவரையும் ஒரே வழக்குக்கு அனுப்பினால் அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சண்டை வந்தது. ஒரு விசாரணையில், "அவர் தன் தம்பியைத் தேடிப் போனதாகச் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். இடைவேளையில் வந்து பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, 'அவர் சொல்லுறார்' எண்டு சொல்லாதையும். 'நான் என்ரை தம்பியைத் தேடிப் போனன்' எண்டு சொல்லும். நீர் நடுவிலை வந்து நிண்டால் அந்த மனுசன் மறைஞ்சுபோவான்." அது தொழிலின் விதி என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் அதை விதியாக மட்டும் வைத்திருக்கவில்லை. கொலைகாரனுக்கும் 'நான்' என்பார், பைத்தியம் என்று மற்றவர்கள் சொன்னவனுக்கும் 'நான்' என்பார், ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அலுவலகத்தில் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்கிறதென்றால் அவர் தண்ணீர் நிரப்புவார், கோப்பை கழுவுவார், பிளக்கை மட்டும் தொடமாட்டார். "தங்கச்சி, உதைக் கொழுவிவிடும்" என்பார். நான் சும்மா இருப்பேனா? "இந்திரா அக்கா வீட்டிலை உங்களை நல்லாப் பழுதாக்கி வைச்சிருக்கிறா" என்று அவர் மனைவியைச் சொல்லி ஒரு வருடம் முழுக்கப் பகிடி பண்ணினேன். அவரும் சிரிப்பார். ஒருநாள், கறண்ட் பிடித்து வதைக்கப்பட்ட ஒரு பையனின் வழக்கை முடித்துவிட்டு வந்து இருந்தவர், என் பகிடிக்குச் சிரிக்கவில்லை. "எனக்கும் பிடிச்சவங்கள், தங்கச்சி. ஊரிலை, பதினொரு நாள்" என்றார். நான் கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்றேன். அன்றைக்கு முழுவதும் "என்ரை கையிலை வயரைச் சுத்தினவங்கள்" என்று அந்தப் பையனுக்காக ஆங்கிலத்தில் சொன்ன மனிதர் அவர். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லையாம்.

இந்த நகரத்தில் பொலிசாருக்கு மின்னதிர்ச்சித் துப்பாக்கி கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது அதற்குப் பிறகுதான். வேறொரு நகரத்தில் மனநோயாளி ஒருவரைப் பொலிசார் சுட்டிருந்தார்கள். சுடுவதற்குப் பதிலாக மின்சாரத்தால் விழுத்தினால் உயிர் தப்பும் என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். எங்கள் சனம் அதற்குக் 'கறண்ட் துவக்கு' என்று பெயர் வைத்தது. நான் அதற்கு முழு எதிரி. அண்ணையும்தான். "சுடுறதெண்டால் எவனும் ஒருக்கா யோசிப்பான். உதுக்கு யோசிக்கத் தேவையில்லை" என்றார். "எனக்கு ஏன் கறண்ட் பிடிச்சவங்கள் எண்டு நினைக்கிறீர்? தழும்பு வராது எண்டுதான்."

சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பொதுக்கூட்டம் ஒழுங்கானது. நகரசபை ஆட்களும் பொலிஸ் அதிகாரிகளும் வருவதாகச் சொன்னார்கள். நான் விடவில்லை. "நீங்கள்தான் பேசவேணும் அண்ணை. உங்களை விட்டால் ஆர் பேசுறது?" என்று நச்சரித்து, இரண்டு பக்கத்துக்குப் பேச்சும் எழுதிக் கொடுத்தேன். மனைவிக்கும் முழுதாகச் சொல்லாத பதினொரு நாளை நூறு பேருக்கு முன்னால் சொல்ல அவர் சம்மதித்தார். அது எவ்வளவு பெரிய சம்மதம் என்று அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் பேசவென்று புவனேஸ்வரி அக்காவும் வந்திருந்தா. தேவாலயத்துக்குப் பக்கத்துத் தொடர்மாடியில் ஒன்பதாம் மாடியில் மகனோடு இருப்பவ. மகன் குமரனுக்கு இருபத்தெட்டு வயது. இங்கே வந்த பிறகு மனநோய். மருந்தை விட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு கையில் கிடைத்ததைத் தூக்குவான். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "நான் செய்யிறன்" என்று அண்ணை எழும்பினார்.

அக்கா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "என்ரை பிள்ளை கத்தியோடை நிக்கேக்கை நான் பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கப் பயந்து கைகட்டி நிண்டிருக்கிறன். கறண்ட் எண்டால் விழுவான், பிறகு எழும்புவான். வெடி எண்டால் எழும்பமாட்டான். அந்தத் துவக்கை அவையளுக்குக் குடுங்கோ. நான் கும்பிட்டுக் கேக்கிறன்."

சிவநாதன் அண்ணை அதை ஆங்கிலத்தில் சொன்னார். 'இந்தத் தாய் கேட்கிறார்' என்று சொல்லவில்லை. 'நான் கேட்கிறேன், அந்தத் துவக்கைக் கொடுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்' என்றார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் முகத்தில் இரத்தமே இல்லை.

அடுத்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிய இரண்டு பக்கமும் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "எனக்குக் கறண்ட் பிடித்திருக்கிறார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்கும்வரை எனக்குப் பேச உரிமை இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார்.

நான் கொதித்துப்போனேன். படிக்கட்டில் மறித்து, இதை எழுதக் கை கூசுகிறது, "அவங்கள் உங்களுக்குப் பிடிச்ச கறண்டை நீங்களே பொலிசுக்கு வாங்கிக் குடுத்திட்டியள்" என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் பட்டது என்ரை, தங்கச்சி. அதைக் காட்டி அவவின்ரை வாயை அடைக்கச் சொல்லுறீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் இறங்கிப் போனேன்.

பிறகு ஏழு மாதம். அலுவலகத்தில் கண்டால் தலையசைப்பேன், அவ்வளவுதான். கேத்தலுக்குப் பக்கத்தில் அவர் நிற்பதைக் கண்டால் நான் வேறு பக்கம் போய்விடுவேன். பிளக்கை யார் கொழுவிவிட்டார்களோ தெரியாது. எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பிந்திய மன்னிப்பும் அப்படித்தான்.

மலர்ச்சாலையில் அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் புவனேஸ்வரி அக்கா தனியே நின்றா. குமரனைக் கூட்டிவர முடியவில்லை, அண்ணை செத்ததை அவனுக்குச் சொல்லவும் துணிவில்லை என்றா. என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தா. கூட்டம் நடந்த அடுத்தநாளே அண்ணை ஒன்பதாம் மாடிக்குப் போயிருக்கிறார். தன் ரெலிபோன் இலக்கத்தை எழுதிக் கொடுத்து, "அக்கா, பொலிசுக்கு அடிக்க முன்னம் எனக்கு அடியுங்கோ" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு நாலு தடவை போனாராம். கதவுக்கு வெளியே நடைபாதையில் நின்று, அவன் மனம் ஆறும்வரை கதைப்பாராம்.

"ஒருநாள் பக்கத்து வீட்டுச்சனம் பொலிசைக் கூப்பிட்டிட்டுது. அவையளும் வந்திட்டினம், இவரும் வந்திட்டார்" என்றா அக்கா. "உள்ளுக்கை நிண்டு இவன், 'எனக்குப் பயமாயிருக்கு, கிட்ட வராதையுங்கோ' எண்டு கத்துறான். இவர் அதை இங்கிலீசிலை அவையளுக்குச் சொன்னவர். எப்பிடிச் சொன்னாரோ தெரியாது, துவக்கிலை கை வைச்சிருந்தவன் கையை எடுத்திட்டு ரெண்டு எட்டுப் பின்னுக்குப் போனான்."

எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 'அவன் பயப்படுகிறான்' என்று சொல்லியிருக்கமாட்டார். ஆயுதத்தோடு நின்ற மனிதனின் முகத்தைப் பார்த்து, 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று சொல்லியிருப்பார். அது அவருக்கும் பொய்யில்லை.

இதில் ஒரு சொல்லைக்கூட அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவிடாமல் செய்தது நான். அந்தத் தாய்க்குச் சொல்ல அவர் தேடிக்கொண்டிருந்த பதில், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த அந்த ஏழு மாதமும் அங்கே நடைபாதையில் நின்றிருக்கிறது.

அக்கா கடைசியாகக் கேட்டா: "பிள்ளை, இனி நான் ஆருக்கு அடிக்கிறது?"

என் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கறண்ட் துவக்கு வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் கூட்டம் வைத்துப் பேசுகிறார்கள். நான் இன்றைக்கும் வேண்டாம் என்கிறவள்தான். ஆனால் போன வியாழக்கிழமை பின்னேரம் என் ரெலிபோன் அடித்தது. ஒன்பதாம் மாடிக்கு ஓடினேன். கதவுக்கு உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது.

"சிவநாதன் அண்ணையோ?" என்று குமரன் உள்ளேயிருந்து கேட்டான்.

"அண்ணை செத்துப்போனார், தம்பி" என்றேன். "நான் அவரோடை வேலை செய்தனான். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கதவு திறக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் நாங்கள் இருவரும், அவன் உள்ளேயும் நான் வெளியேயுமாக, அவருக்காக அழுதோம். அந்தக் கதவடியில் அவர் நின்ற இடம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. அதை நான் வைத்திருக்கிறேன், அண்ணை.