மூன்று பத்துக்குப் போட்ட டெஸ்ட் ஊசி

இதைக் கேட்டதும் தூக்கக் கலக்கம் என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். கலக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஏறிய டூட்டி. காலையில் என்னை விடுவிக்க வேண்டிய நர்ஸ் வரவில்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்கும் புறநோயாளிகளின் ஊசி அறையில் நானேதான் நின்றுகொண்டிருந்தேன். கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

ஊசி அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு திரை, வெளியே ஒரு பெஞ்சு. இடுப்பில் போடுவது, நரம்பில் போடுவது, தோலுக்கடியில் போடுவது என்று அன்று மட்டும் நூற்றுப்பத்துக்கு மேல் போட்டிருந்தேன். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நிற்பவரிடம், கையில் இல்லை இடுப்பில் என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது. இதில் சில ஆன்டிபயாடிக் மருந்துகளை நரம்பில் ஏற்றுவதற்கு முன் டெஸ்ட் ஊசி வேறு. முன்கையில், மேல்தோலை ஒட்டி, ஒரு துளி. கொப்புளம் மாதிரி எழும்பும். பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் நேரம் எழுதி, பதினைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். சிவந்து தடித்தால் அந்த மருந்து அவருக்கு ஆகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியத்துக்கு மேல் நான் யாருக்கும் டெஸ்ட் போடவில்லை. முன்பு இந்த மருந்து போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டியவருக்கு நேராக நரம்பில் ஏற்றினேன்.

மூன்று மணி எட்டு நிமிடம். சிரிஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினேன். திரை அசையவில்லை... ஆனால் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை. சீட்டை நீட்டவில்லை. கையைத்தான் நீட்டினார்.

"டெஸ்ட் போடுங்க சிஸ்டர்."

மருந்தின் பெயரையும் அவரே சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மருந்தைக் கலந்தேன்.

பஞ்சால் துடைத்தேன். ஸ்பிரிட் காயவில்லை. ஊதிப் பார்த்தேன். அப்படியே ஈரமாக நின்றது.

அவர் கை சில்லென்றிருந்தது. மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத அறை அது.

ஊசி ஏறியது. முகம் சுளிக்கவில்லை. உருவிய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை...

வட்டம் போட்டேன். 3.10 என்று எழுதினேன்.

"எல்லாருக்கும் போடறீங்கல்ல?"

"போடறோம்" என்றேன்.

என்னையே பார்த்தார். கண் சிமிட்டவில்லை.

3.25. வெளியே போய்ப் பார்த்தேன்.

பெஞ்சு காலி.

நாலு மணிக்குப் பிணவறை அண்ணன் வந்தார். இருபது வருடமாக அந்த வேலையில் இருப்பவர், எதற்கும் அசராதவர். அன்று வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பிணவறையில கிடக்கிற ஆளுக்கு எதுக்கு சிஸ்டர் ஊசி போட்டீங்க?"

கூடவே போனேன். அதே சட்டை. இடது முன்கையில் என் வட்டம். என் கையெழுத்தில் 3.10. வட்டத்தைத் தாண்டி ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. செத்த உடம்பு அப்படிச் சிவக்காது. பன்னிரண்டு மணிக்கே வைத்துப் பூட்டியாயிற்று, சாவி தன் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை என்றார் அண்ணன்.

வெளியே படியில் செத்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். காலையில் பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்கு நரம்பு ஊசி போட்டார்களாம். அதே மருந்து. ஊசியை உருவுவதற்குள் மூச்சு அடைத்திருக்கிறது. இங்கே கொண்டுவரும்போது உயிர் இல்லை. டெஸ்ட் பார்க்க மாட்டீர்களா என்று கணவர் இரண்டு தடவை கேட்டாராம். அந்த சிஸ்டரும் இரவெல்லாம் நின்றவளாம், பதில்கூடச் சொல்லாமல் ஏற்றிவிட்டாளாம்.

அந்த அம்மா என் உடுப்பைப் பார்த்தார்.

"டெஸ்ட் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா சிஸ்டர்?"

தெரிந்திருக்காது என்று சொல்லித் தேற்றியிருக்கலாம். ஆனால் உள்ளே அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறேன்.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றேன்.