மூணாவது கேள்வி

எங்கள் குழுத் தலைவியை நேரில் எல்லோரும் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'மூணாவது கேள்வி'.

மென்பொருள் நிறுவனங்களில் காலையில் ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் வட்டமாக நின்று, ஆளுக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறாய்? முதல் இரண்டுக்கும் வாய் வலிக்க அளப்போம். மூன்றாவதற்கு "ஒண்ணுமில்ல" என்போம். மாட்டிக்கொண்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல யாருக்கு மனசு வரும்? மற்ற குழுக்கள் அதோடு கலைந்துவிடும். அக்கா விடமாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நெஜமாவே ஒண்ணுமில்லயா?" என்பார். அப்போதுதான் உண்மையைக் கக்குவோம்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். "நான் ஒரு பஸ் நெறைய ஆளை ஏத்திட்டுப் போறேன். ஒருத்தரையும் ரெண்டு தடவை கேள்வி கேட்டதில்ல. இவ ஏழு பேரை வச்சுக்கிட்டு இந்தப் பாடு படறா" என்று எங்களிடமே கேலி செய்வார். அலுவலகத்துக்கு வந்ததும் மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய செருப்பை மாட்டிக்கொண்டால்தான் அக்காவுக்கு வேலை ஓடும். எங்களில் யாராவது திணறினால் தன் லேப்டாப்போடு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருடைய சாப்பாட்டு டப்பா மாலை வரை மூடியே கிடக்கும்.

போன வருஷம் மேலிடத்துக்கு ஒரு புத்தி வந்தது. எங்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வாங்கினார்கள். விசைப்பலகையிலோ மவுஸிலோ கை இருந்தால், சுவரில் மாட்டிய பெரிய திரையில் நம் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. கொஞ்ச நேரம் கையை எடுத்தால் மஞ்சள். யோசிக்கிறவனும் மஞ்சள், தூங்குகிறவனும் மஞ்சள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் கையை வைத்து யோசிப்பதுதானே ஐயா என் பிழைப்பே! அக்காவின் புள்ளி மட்டும் எப்போதும் பச்சை. அந்தக் கைக்கு ஓய்வு கிடையாது.

எங்கள் குழுவில் ஒருவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. 'புது அப்பா' என்றே அவனைக் கூப்பிட்டோம். வீட்டிலிருந்து வேலை செய்தான்; காலைச் சடங்குக்கும் வீடியோவில்தான் வருவான். மதியம் முழுக்க அவன் புள்ளி பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் மதியம் கேட்ட வேலை மறுநாள் காலையில்தான் வந்து சேரும்.

இயக்குநர் ஒரு நாள் அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்.

"இவனோட கர்சரைப் பாருங்க. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு மதியம் பூரா ஒரே சீரா போய்ட்டு வருது. ஒரு க்ளிக் கூட இல்ல. ஏதோ தில்லுமுல்லு. நாளையோட இவனை அனுப்பிடலாம்."

"இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க சார். நான் பேசிட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா.

வீடியோவில் அவனைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னப்பா, எங்க மாட்டிக்கிட்டு நிக்கற?"

"ஒண்ணுமில்லக்கா."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "நெஜமாவே ஒண்ணுமில்லயா?"

அவன் கேமராவைத் திருப்பினான். ஒரு மரத்தொட்டில். அதன் பக்கவாட்டில் மவுஸை ஒட்டுநாடாவால் ஒட்டி, அது உரசும்படி ஒரு நாற்காலியை நெருக்கிப் போட்டிருந்தான். அவன் கை தொட்டிலை ஆட்ட, திரையில் கர்சர் போய்வந்தது. அட கெட்டிக்காரா என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவன் மனைவியைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"பிரசவத்துலேர்ந்து அவ சரியாவே இல்லக்கா. பிள்ளை அழுதா அவளும் அழறா. காலையில பக்கத்து வீட்டம்மா வர்றாங்க. மதியம் யாருமில்ல. ஆட்டறதை நிறுத்தினா பிள்ளை முழிச்சுக்குது. அவளை டாக்டர்கிட்ட காட்டணும், பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது? லீவு கேட்டா வேலையே போயிடுமோன்னு பயம்."

"அதைக் காலையிலயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நீங்க ரெண்டாவது தடவை கேக்கறதுக்கு முன்னாடி, நெட் சரியில்லன்னு வீடியோவை அணைச்சிடுவேன்க்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

நேரே இயக்குநரிடம் போய், தொட்டிலில் ஒட்டிய மவுஸ் வரை எல்லாவற்றையும் சொன்னார். "அவன் பண்ணது தப்புதான் சார். திட்டிட்டேன். ஆனா இப்ப அவனை அனுப்பினா அந்தக் குடும்பம் உக்காந்துடும். மதியம் அவனுக்கு லீவு போடறேன். வேலையை நாங்க பிரிச்சுக்கறோம்."

"வேலை தள்ளிப்போச்சுன்னா?"

"என்னைக் கேளுங்க."

"சரி, ஒரு மாசம் பாப்போம்" என்றார் அவர், அரைமனதாக.

மறுநாள் மதியம் சுவர்த்திரையைப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்காவின் புள்ளி மஞ்சளாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிடும் என்று பார்த்தோம். ஆகவில்லை. இயக்குநரே இறங்கி வந்து, "எங்க அவங்க? போன் போடு" என்றார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மெதுவாப் பேசுப்பா" என்றது அக்காவின் குரல், கிசுகிசுப்பாக. "அவங்க ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. இப்பதான் பிள்ளை கண்ணை மூடுது."

இயக்குநரும் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க புள்ளி மஞ்சளா இருக்கே?"

"ஆமா சார். லேப்டாப் பக்கத்துலதான் இருக்கு. கை தொட்டில்ல இருக்கு."

"அந்த மவுஸ்?"

"பிச்சு எடுத்துட்டேன் சார்."

அவர் திரையிலிருந்து போன் பக்கம் திரும்பினார். "அங்க ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்ல சார்."

"நெஜமாவே ஒண்ணுமில்லயா?"

அந்தப் பக்கம் தொட்டில் கிரீச்சிடுவது மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் அக்காவிடம் இதை யாருமே திருப்பிக் கேட்டதில்லை. நான் உட்பட.

"பசிக்குது சார்" என்றார். "சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஒரு கை பத்தல."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே பையை எடுத்திருந்தேன். கணினியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். என் புள்ளியும் மஞ்சளாகட்டும்.